வீடு பார்க்கப் போன விபரம்

இல்லை மாமி, குடி கேட்டது கலியாணத்துக்கு அல்ல. நேற்றுப் பின்னேரம் நான் ரெலிபோனில் "நாங்க என்ன குடி?" என்று கேட்டதும், நீங்கள் "ஆருக்கு?" என்றதும், நான் பக்கத்தில் விசாரித்து "அண்ணாவுக்குத்தானாம்" என்று சொன்னதும், அத்தோடு தொடர்பு அறுந்ததும் உண்மை. அதற்கு மேல் நீங்கள் நினைத்துக்கொண்டவை உண்மை இல்லை. பிறகு பதினொரு தடவை எடுத்தேன். நீங்கள் தூக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

முதலிலேயே எழுதியிருக்க வேண்டியவை: மட்டக்களப்பு, வெள்ளிக்கிழமை காலை. அன்பும் மதிப்பும் நிறைந்த மாமிக்கு மருமகள் சுகிர்தா வணங்கி எழுதுவது. நான் சுகம். திருகோணமலையில் நீங்களும் மாமாவும் றஞ்சிதாவும் சுகமாக இருக்கவேண்டும் என்பது என் வேண்டுதல். உங்களுக்குப் பிறஷர் ஏறியிருந்தால் காரணம் நான்தான். குளிசையைப் போட்டுவிட்டு மேலே வாசியுங்கள்.

துசாந்தன் அண்ணா உங்கள் மகள் றஞ்சிதாவுக்கு என்பது அவள் பிறந்த அன்றே நீங்கள் தீர்மானித்த விடயம். அண்ணாவுக்கு அப்போது நான்கு வயது. அவர் மறுத்ததாக யாரும் சொல்லவில்லை. அதை நான் கலைப்பேனா?

நான் இங்கே வந்தது ஊர் பார்க்க. சண்டை முடிந்து ஒரு வருடம். பாதை திறந்திருக்கிறது. பல்கலைக்கழக விடுமுறை. தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் இங்கிருந்து போனபோது எனக்கு மூன்று வயது. ஞாபகம் என்று எதுவும் இல்லை. ஞாபகம் இல்லாதவள் சொந்த ஊருக்கு எப்படிப் போவது? சுற்றுலாப் பயணியாகத்தான் போகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், மூன்று நாளில் ஒரு நகரத்தை அந்த ஊர்ச்சனத்தைப் போலவே பார்ப்பது எப்படி என்று வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். விதிகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டேன். கமரா கொண்டுபோகாதே. ஊர்ச்சனம் போகும் இடத்துக்குப் போ. அவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிடு. சின்ன விடயங்களையும் குறித்துக்கொள். ஒரு வீட்டையாவது உள்ளே போய்ப் பார். கடைசி விதி இல்லாவிட்டால் உங்கள் பிறஷர் இன்று சரியாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை. பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்தேன். சாரதி காத்தான்குடி ஆள், றவூப் நானா. "ஊர்ச்சனம் லீவு நாளையில எங்க போவாங்க நானா?" என்று கேட்டேன். "கட்டாருக்கு, உழைக்க" என்றார். அவர் பகிடி விடவில்லை. இந்த ஊர் வாவியின் பாடும் மீனை எங்கே கேட்கலாம் என்றேன். "நாப்பத்தாறு வருசமா இஞ்சதான் இருக்கன் புள்ள. பாலம் பாடுறதுதான் கேட்டிருக்கன்." அந்த நேரம் கல்லடிப் பாலத்தில் ஒரு பஸ் ஏறியது. இரும்புத் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடுகிடுத்தன. அதையும் குறித்துக்கொண்டேன். பாலத்தடிச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் எங்கே போகிறாய் என்று கேட்டார். ஊர் பார்க்க என்றேன். பையைத் திறக்காமலே விட்டார். இந்த மூன்று நாளில் என்னை நம்பிய ஒரே ஆள் அவர்தான். அவரும் வேறு எதுவும் செய்யாமல் மூன்று வருடமாக இந்த ஊரைப் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பதால் இருக்கலாம்.

சாப்பாட்டு விதி அதைவிடக் கஷ்டம். ஊர்ச்சனம் எங்கே சாப்பிடுவார்கள் என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் ஒரே பதில். வீட்டில். அன்று இரவு பஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்து இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன்.

புதன்கிழமை கோட்டைக்குப் போனேன். வாசலில் நீளமான வரிசை. காவலாளியிடம் உள்ளே போகலாமா என்றேன். "வரிசையில நில்லுங்க" என்றார். நின்றேன். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையைப் பார்க்க ஒரு வேலைநாளில் இத்தனை பேர் வெயிலில் நிற்கிறார்கள் என்று கொப்பியில் குறித்தேன். கைக்குழந்தையோடு தாய்மார். பொல்லு ஊன்றிய ஒரு கிழவர். வரலாற்றில் என்ன பற்று! ஒன்றரை மணித்தியாலம் இந்தப் பெருமிதத்தில் நின்ற பிறகு எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பினார். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு பைல், அதைச் சுற்றி ஒரு சொப்பிங் பை.

"உங்களுக்கு என்ன அலுவல் மனே?"

"பார்க்க வந்தனான்."

"ஆரை?"

"ஆரையும் இல்லை. சும்மா."

"காணி அலுவலா?"

"இல்லை."

அவர் குரலைத் தணித்தார். "மரணச் சேட்டிபிக்கற்றா மனே?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு நிக்கிறீங்க?"

"எல்லாரும் நிண்டாங்க."

அரசாங்க அலுவல் பார்க்கும் கச்சேரி அந்தக் கோட்டைக்குள்தான் இருக்கிறது மாமி. புதன்கிழமை பொதுமக்கள் தினம். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது.

அவர் பெயர் பாலசுந்தரி. சுனாமி வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்து நான்கு வருடம். காணி உறுதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. அதற்குத்தான் வந்திருந்தார். இது எட்டாவது தடவை. வீடு என்ற சொல் காதில் விழுந்ததும் என் கடைசி விதி ஞாபகம் வந்தது.

"அக்கா, எனக்கு இஞ்ச ஒரு வீடு உள்ளுக்குப் போய்ப் பார்க்க ஆசை."

அவர் என்னைத் தலையில் இருந்து கால்வரை பார்த்தார். பார்வை செருப்பில் கொஞ்ச நேரம் நின்றது.

"கூடப்பிறந்த ஆக்கள் இருக்காங்களா மனே?"

"ஒரு அண்ணா. கொழும்பில. பாங்கில வேலை."

"கலியாணம் முடிச்சிற்றாரா?"

"இன்னும் இல்லை."

அவர் உடனே தன் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். இந்த ஊரின் விருந்தோம்பல் என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

"நாளைக்கு மூண்டு மணிக்குப் பிறகு வாங்க. இராகு காலம் முடிஞ்சிரும்."

இந்த ஊரில் ஒரு வீட்டுக்குச் சும்மா போவதற்கும் இராகு காலம் பார்ப்பார்கள். இதையும் எழுதினேன்.

வியாழக்கிழமை றவூப் நானாவின் ஓட்டோவில் போனேன். பாலசுந்தரி அக்கா பட்டுச்சேலையில் வாசலில் நின்றார். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "தனியவா வந்தீங்க?" என்றபோது முகம் கொஞ்சம் விழுந்தது. உடனே நிமிர்த்திக்கொண்டார். வீடு புதிதாக வெள்ளை அடித்திருந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், நீலக் கதவு. சுவரில் கட்டிக்கொடுத்தவர்களின் பலகை. கம்பஸ் பிள்ளைதானே, வாசியுங்கள் என்றார். அது இங்கிலீசும் இல்லை. நான் 2006 என்ற இலக்கத்தை மட்டும் வாசித்தேன். அவருக்கு அதுவே திருப்தி.

மகள் சிவானுஜா பிளேன்ரீயும் பயத்தம் உருண்டையும் கொண்டுவந்தாள். என் வயதுதான். முன்பள்ளி ஆசிரியை. என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது, சிரிப்பு இல்லை. நான் யன்னல்களை எண்ணி எழுதினேன். ஐந்து. நான் எழுத எழுத, தாய் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக் காட்டினார்.

"இது பிள்ளைக்குத்தான் மனே. எனக்கு ஒண்டும் வேணாம். பின்னால நான் கிடக்க ஒரு ஓலைப் பத்தி இறக்கித் தந்தாக் காணும்."

பிறகு, நான் கேட்காமலே, "முதல் வீடு கடற்கரையில. பதினொரு வருசமாக் கட்டின வீடு. அண்டைக்குப் போயிற்று" என்றார். யன்னலைச் சாத்திக்கொண்டே, "அவரும்தான்" என்றார்.

நான் பேனையை மூடினேன்.

"வாங்க, கிணத்தைப் பாருங்க" என்று கூட்டிப்போனார். ஒரு வாளி அள்ளிக் கிணற்றுக்கட்டில் வைத்தார். "சுத்துப்பட்ட வளவெல்லாம் உவர். இஞ்ச அப்பிடியில்ல. குடிச்சுப் பாருங்க." நான் கையை நனைத்தேன். அந்த நேரம் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. வாளி அப்படியே இருந்துவிட்டது.

வானில் வந்தவர்கள் சித்தாண்டி ஆட்கள். முன்னால் வினாயகமூர்த்தி என்ற பெரியவர், ஓய்வுபெற்ற ஓவசியர், பின்னால் இரண்டு பெண்கள். மூன்று தடவை வருவதாகச் சொல்லி வராதவர்கள். நான்காவது தடவை சொல்லாமல் வந்துவிட்டார்கள். பெரியவர் கையில் அளவு நாடா. என்னைப் பார்த்தார். என் கொப்பியைப் பார்த்தார்.

"இது ஆரு?"

பாலசுந்தரி அக்காவுக்கு அந்த இடத்திலேயே பத்து வயது குறைந்தது. "கொழும்பில இருந்து வந்திருக்காங்க. அண்ணன் பாங்கில. வீடு பாக்க."

எனக்கு இதில் ஒரு பிழையும் தெரியவில்லை. எல்லாம் நான் சொன்னதுதானே.

பெரியவர் உள்ளே போனார். சுவரை விரல் முட்டியால் தட்டினார். பின்னறையில் நின்றார். மூலையில் கூரையிலிருந்து யன்னல்வரை ஒரு வெடிப்பு.

"இது என்ன?"

சிவானுஜா சொன்னாள், "அது வீட்டோட வந்தது மாமா. மாப்பிள்ளை இனித்தானே வரோணும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வெடிப்பையும் குறித்துக்கொண்டிருந்தேன். அவர் குரல் உடனே இறங்கியது. "சே, இது ஒரு வெடிப்பா? சீமெந்து பூசினாச் சரி. உறுதி என்ன, இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும். வாற மாசமே கலியாணம் எழுதலாம்." கூட வந்த பெண்கள் அவரைப் புதினமாகப் பார்த்தார்கள். பிறகு என்னிடம், மிகவும் மரியாதையாக, "நீங்க என்ன குடி?" என்றார்.

குடி என்று ஒன்று இருப்பதும் அது தாய்வழி வருவதும் நான் புத்தகத்தில் வாசித்தவை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் கேட்கிறார். சந்தோசத்தில் அம்மாவுக்கு எடுத்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் பின்னேர வகுப்பு, போன் ஓஃப். அதன் பிறகு உங்களுக்கு எடுத்தேன். நீங்கள் "ஆருக்கு?" என்றீர்கள். நான் அவர்களிடம் திரும்பி "ஆருக்கு எண்டு கேக்கிறாங்க" என்றேன். "அண்ணனுக்குத்தானே மனே" என்றார் பாலசுந்தரி அக்கா. அதை உங்களுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. உங்களுக்கு ஒரு விநாடி முந்தியே விளங்கிவிட்டது.

முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த றவூப் நானா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"புள்ள, என்னத்துக்கு வாறீங்க எண்டு இவங்களுக்குச் சொன்ன?"

"வீடு பார்க்க."

"யா அல்லாஹ். மாப்பிள்ளை ஊட்டாக்கள்தான் ஊடு பாக்க வாற. பொம்புளப்புள்ளைக்கு ஊடு குடுத்தாத்தான் கலியாணம். எங்கடயிலயும் அப்பிடித்தான். எனக்கு மூணு பொம்புளப்புள்ள. மூணு ஊடு கட்டோணும். நான் சோக்குக்கா ஓட்டோ ஓடுறன்?"

"இப்ப நான் என்ன செய்யிறது?"

"வாயைத் திறக்காதீங்க. மனிசன் இறங்கி வாறார். இன்னும் அரை மணித்தியாலம் நீங்க இப்பிடியே நிண்டா வெடிப்பே இல்லை எண்டு சொல்லிருவார்."

யோசித்தேன் மாமி. அவர் சொன்னது சரி. நான் பேசாமல் நின்றால் சிவானுஜாவின் கலியாணம் நிச்சயமாகிவிடும். பெரியவர் ஏமாறுவதில் எனக்குக் கவலை இல்லை. ஆனால் பாலசுந்தரி அக்கா பெரியவரைக் கவனிக்கவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் அண்ணா ஏற்கெனவே அந்த நீலக் கதவால் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்தவர். இல்லாத மாப்பிள்ளைக்கு இன்னொன்றைக் கொடுக்க நிற்கிறார்.

சொல்லிவிட்டேன். நான் மாப்பிள்ளை வீட்டாள் இல்லை. ஊர் பார்க்க வந்தவள். சுற்றுலா.

"சுற்றுலாவா?" என்றார் வினாயகமூர்த்தி. "இஞ்சயா? இஞ்ச பார்க்க என்ன கிடக்கு?"

பாலசுந்தரி அக்கா ஓம் என்று தலையாட்டினார். கூட வந்த பெண்களும் தலையாட்டினார்கள். அன்று இரண்டு பகுதியும் ஒத்துப்போனது அந்த ஒரு விடயத்தில் மட்டும்தான்.

பெரியவர் மறுபடி பின்னறைக்குப் போனார். இந்த முறை வெடிப்புக்கு அளவு நாடா பிடித்தார். ஐந்தடி எட்டு அங்குலம். அத்திவாரம் சரியில்லை என்றார். "உறுதி வரட்டும், பாப்பம். உறுதி இல்லாத வீட்டுக்கு எப்பிடிப் பிள்ளையை அனுப்பிற?" வான் போய்விட்டது.

பாலசுந்தரி அக்கா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. பட்டுச்சேலையோடு படியில் இருந்தார்.

"உங்களில பிழையில்ல மனே. நானும் விளப்பமாக் கேக்கல்ல." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அண்ணன் எண்டு ஒராள் மெய்யாவே இருக்காரா?"

"இருக்கிறார்."

"பாங்கிலயா?"

"ஓம்."

"சரி. அது எண்டாலும் மெய்."

சிவானுஜா அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். "நீங்க வந்தது நல்லம் அக்கா. இல்லாட்டி ஒரு வெடிப்புக்கு ஒரே பின்னேரத்தில ரெண்டு அளவு இருக்கும் எண்டு எனக்குத் தெரிஞ்சிராது." பிறகு தாயிடம், "அம்மா, அவங்க இனி வந்தா நீங்களே பிளேன்ரீ குடுங்க. நான் வெளிய வரமாட்டன்" என்றாள்.

"வாயைப் பார். இந்த வாய்க்கு ஆரு வருவான்?" என்று தாய் எழுந்தார். "மறுகா யோசிப்பம். ஆருக்குச் சமைச்சா என்ன, சாப்பிட்டுப் போங்க."

புட்டும் இறால் குழம்பும். றவூப் நானா இரண்டு பிளேற் சாப்பிட்டார். ஊர்ச்சனம் சாப்பிடும் இடத்தில் சாப்பிட வேண்டும் என்ற விதி இப்படி நிறைவேறியது. ஆனால் நான் வராமல் இருந்திருந்தால் அந்த மனிதர் முகத்தைச் சுளித்து, பேரம் பேசி, இரண்டு மாதத்தில் ஓம் சொல்லியிருப்பார். நான் ஒரு பெண்ணின் கலியாணத்தைக் கெடுத்தேனா, அவளைக் காப்பாற்றினேனா? கொப்பியில் இதற்கு இடம் விட்டிருக்கிறேன். இன்னும் எழுதவில்லை.

ஆகவே மாமி, இதுதான் முழு விபரம். அண்ணாவுக்கு யாரும் பெண் பார்க்கவில்லை, அந்தப் பெயரில் யாரும் வீடும் பார்க்கவில்லை, அந்த வீட்டுப் பக்கம் இனி நான் தலைவைத்தும் படுக்கமாட்டேன், இன்று இரண்டு மணி பஸ்ஸுக்கு ரிக்கெற் எடுத்துவிட்டேன், எங்கள் குடி எது என்பதை நீங்கள் எனக்குச் சொல்லவே வேண்டாம், எனக்கு அது எந்தக் காலத்திலும் தேவைப்படாது.

மாமாவுக்கு என் வணக்கம். றஞ்சிதாவுக்கு அன்பு. பிள்ளையார் உங்களுக்கு நல்ல சுகத்தையும் எனக்குக் கொஞ்சம் புத்தியையும் தரட்டும். அடுத்த தடவை நான் எடுக்கும்போது தயவுசெய்து போனைத் தூக்கவும்.

என்றும் உங்கள் சொல் தட்டாத
மருமகள் சுகிர்தா

பி.கு.: தபால் கந்தோர் வரிசையில் நிற்கும்போது (இந்த முறை எதற்கான வரிசை என்று கேட்டுவிட்டுத்தான் நின்றேன்) அண்ணாவுக்கு எடுத்து நடந்ததைப் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வெடிப்பைப் பற்றி அந்தப் பெண் சொன்னதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் தடவையும் கேட்டார். உறுதியைப் பற்றிக் கேட்கவில்லை. பாங்கில் வேலை செய்பவர், உறுதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கடைசியில், "கிணத்துத் தண்ணி எப்பிடி?" என்றார். நான் குடித்துப் பார்க்கவில்லை என்றேன். "வீடு பார்க்கப் போய்க் கிணத்தைப் பார்க்காமலா வந்தனீ?" என்று ஏசினார்.

உங்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று கேட்க றஞ்சிதாவுக்கு எடுத்தேன். அவள் சொன்ன முதல் சொல் "அப்பாடா." இரண்டாவதாக எங்கள் குடியின் பெயரைச் சொன்னாள். பாலசுந்தரி அக்காவுக்கு எடுத்து அவர்களுடையதைக் கேட்டேன். வேறு குடி. ஒரே குடிக்குள்தான் கலியாணம் இல்லையாம். தடை இல்லை.

இரண்டு மணி ரிக்கெற்றை நாளைக்கு மாற்றினேன். றவூப் நானாவைக் கூப்பிட்டு மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். வாளி கிணற்றுக்கட்டில் இருந்தது. புதிதாக அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர்.